வழக்கமான இருப்பிடம்

கரும்பலகையில் 'சுற்றுலாப் பயணி என்பவர் யார்?' என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். முதலாம் ஆண்டு வகுப்பு தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் இன்னும் பழகியிருக்கவில்லை. பைகளை மடியில் வைத்துக்கொண்டு, இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிடுமோ என்பதுபோல பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பாடத்தை நான் எப்போதும் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன். பதில்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே வரும். கழுத்தில் கேமரா மாட்டியிருப்பவர் என்றான் ஒருவன். வழி தெரியாமல் சந்திப்பில் நிற்பவர் என்றாள் ஒருத்தி. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தும் முன்பெஞ்சுக்காரனை மறைக்கும் அளவுக்கு உயரமாயிருந்த ஒருவன் எழுந்து, "டாக்சிக்காரர் டபுளா கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே கொடுக்கறவங்க மேம்" என்றான். வகுப்பு முதல்முறையாகச் சேர்ந்து சிரித்தது. அதற்காகவே அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பிறகு வரையறைக்கு வந்தேன். தன் வழக்கமான இருப்பிடத்தை விட்டு வேறோர் இடத்துக்குப் போகிறவர். அங்கே ஓர் இரவாவது தங்குகிறவர். ஓர் ஆண்டுக்கு மேல் தங்காதவர். போன இடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்காதவர். ஒவ்வொன்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உதாரணம் சொன்னேன். காலையில் போய் மாலையில் திரும்பினால் அவர் ஒருநாள் வருகையாளர். பிழைக்கப் போய் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தால் அவர் பயணி இல்லை. அந்த ஊரே அவருடைய வழக்கமான இருப்பிடமாகிவிடுகிறது. பார்க்கும் இடங்கள், போய்ச்சேரும் வழி, தங்கும் வசதி என்று சுற்றுலாவுக்குக் கால்கள் மூன்று. இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனம் வேறொரு பக்கம் போய் அரிசி வாங்க வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும் என்று வீட்டைச் சுற்றிவிட்டு வரும்.

மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். ஒல்லியாக, பெரிய கண்ணாடி போட்டிருந்தாள்.

"மேம், எங்கப்பா பத்து வருஷமா வெளிநாட்டுல வேலை பாக்கறாரு. வருஷத்துக்கு ஒரு மாசம் வீட்டுக்கு வருவாரு. அவரு யாரு மேம்?"

நியாயமான சந்தேகம். எல்லா ஆண்டும் யாராவது ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி. எப்படியோ இத்தனை ஆண்டுகளாக யாரும் கேட்டதில்லை. பாடத்தில் விடை தெளிவாக இருந்தது. பிறந்த நாடு எது, பாஸ்போர்ட் எது என்று பார்ப்பதில்லை, ஓராண்டுக்கு மேலாக எங்கே வாழ்கிறார் என்பதே கணக்கு என்றேன். உறவினரையும் நண்பரையும் பார்க்க வருவோர் என்று தனி வகையே உண்டு, அதில் அவர் வருவார் என்றேன்.

"அப்ப எங்க வீட்டுக்கு வர்ற டூரிஸ்ட்டா?"

"கணக்குப்படி ஆமா."

அவள் வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "கரெக்ட்டுதான் மேம். எங்கம்மா அவருக்கு மட்டும்தான் அந்தப் பூப்போட்ட கப்புல டீ கொடுப்பாங்க. நாங்க தொட்டா கை ஒடிஞ்சுரும்" என்றாள். மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன். திரும்பி எதையோ எழுதப் போய், எழுத வேண்டியது என்னவென்று மறந்து, ஏற்கெனவே எழுதியிருந்த நான்கு வரிக்கும் அடியில் கோடு போட்டேன்.

அன்று காலை கிளம்பும்போது என் கணவருக்கு நான் டீ கொடுத்ததும், நாங்கள் அன்றாடம் எடுக்காத ஒரு கப்பில்தான்.

அவர் ஒரு பெரிய ஓட்டலில் அறைகளைப் பராமரிக்கும் பிரிவில் இருக்கிறார். வெளிநாடு போய் எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். இந்தமுறை வரும்போதே புது ஒப்பந்தத்தைப் பற்றிய பேச்சோடு வந்திருந்தார். இன்னும் சில ஆண்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டால் ஒரு தளம் முழுவதற்கும் மேற்பார்வையாளர் ஆக்குவார்களாம். இங்கே அவருடைய பழைய நண்பர் ஒருவர் பஸ் நிலையத்துக்கு எதிரில் லாட்ஜ் எடுத்திருக்கிறார். பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும், நீ வந்துவிடு என்று அவரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சம்பளம் அங்கே வாங்குவதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் தினமும் மாலை வீட்டுக்கு வரலாம். இரண்டு பேருக்கும் வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"என்ன சொல்ற?" என்று என்னிடம் கேட்டார். வந்த அன்றே கேட்டார். அதற்குப் பிறகும் இரண்டொரு முறை கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

இந்தச் சொல்லை எட்டு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். முதன்முதலில் அவர் போகலாமா என்று கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன். அன்று அதற்குப் பொருள் இருந்தது. வீட்டுக் கடன் இருந்தது, மகள் சின்னவள், எனக்கு வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. போகாதே என்று சொல்லும் நிலையில் நானும் இல்லை, போய்வா என்று சொல்ல வாயும் வரவில்லை. நடுவில் கிடைத்த சொல் இது. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. இந்தமுறை அதைச் சொன்னபோது எனக்கு வேண்டியிருந்தது வேறு. இங்கேயே இருக்கணும்போல இருக்கு என்று அவர் வாயிலிருந்து வர வேண்டும். நான் கேட்டு அவர் இருந்தால், பிற்பாடு ஒருநாள் லாட்ஜில் யாரோ குடித்துவிட்டுச் சத்தம் போட்டு அவரை அவமானப்படுத்திவிட்டுப் போன மாலையில், என் முகத்தைப் பார்க்கும்போது அவருக்கு என்ன தோன்றும்? அவராகத் தேர்ந்தெடுத்து இருந்தால் அந்தப் பயம் இல்லை. இப்படியெல்லாம் நியாயம் வைத்திருந்தேன். ராத்திரி அவர் பக்கத்தில் படுத்திருக்கும்போது இந்த நியாயங்கள் ஒன்றும் நிற்காது. போகாதீங்க என்ற சொல் தொண்டைவரை வந்து உட்கார்ந்துகொள்ளும். காலையில் எழுந்து டீயை நல்ல கப்பில் ஊற்றிக் கொடுப்பேன்.

வீட்டில் அவர் நடந்துகொள்ளும் விதத்தை யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தால் விரல்முட்டியால் மெல்லத் தட்டிவிட்டு ஒரு கணம் நிற்பார். உள்ளே நான்தான் இருக்கிறேன் என்று தெரியும். இருந்தும் கை தட்டிவிடும். சமையலறையில் சர்க்கரை டப்பாவைத் தேடி நான்கு கதவைத் திறப்பார். நான் இடம் மாற்றி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவி, துடைத்து, மேடை ஈரத்தையும் துடைத்து, துணியை நாலாக மடித்துக் குழாயின் மேல் போடுவார். என் மகளுக்கு இப்போது பதினைந்து வயது. நாக்கு அவள் அத்தையைப்போல. "ப்பா, எல்லாத்தையும் நீங்களே செஞ்சுட்டா நாளைக்கு எனக்கு யாரு டிப்ஸ் தருவா?" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டிலும் ஒரு தயக்கம் இருக்கும், இவ்வளவு வளர்ந்துவிட்டவளைத் தட்டலாமா என்பதுபோல.

செவ்வாய்க்கிழமை இரவு சாப்பிடும்போது அவள்தான் நேராகக் கேட்டாள். "இப்ப என்ன, போறீங்களா இருக்கீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் தட்டைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் குழம்பு போடட்டுமா என்றேன். போதும், ரொம்ப நல்லாயிருக்கு, நன்றி என்றார் அவர். மகள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் ரிசப்ஷன்ல பேசற மாதிரியே பேசறீங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு எழுந்து போய்விட்டாள்.

அவர் எப்போதும் இப்படி இருந்தவர் இல்லை. கல்யாணமான புதிதில் குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டைப் படுக்கையின் மேல் வீசிவிட்டுப் போவார். நான் கத்துவேன். சட்டையைக் கழற்றினால் ஒரு கை உள்பக்கமாகவும் ஒரு கை வெளிப்பக்கமாகவும் கிடக்கும். சவரம் செய்தால் முகம் கழுவும் தொட்டியில் குட்டிக்குட்டி மயிர் ஒட்டியிருக்கும். உங்களைப் பெத்தாங்களா, புயல்ல அடிச்சுக்கிட்டு வந்தீங்களா என்று கேட்பேன். அந்த ஆள் போனார். அடுத்த ஆண்டு வந்தவர் எல்லாவற்றையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிக்கிறவராக வந்தார். தொழில் கற்றுக்கொடுத்தது, நல்லதுதானே என்று எல்லோரும் சொன்னார்கள். என் அண்ணி வாய்விட்டே பொறாமைப்பட்டாள். எனக்கு எங்கிருந்து தொடங்கிற்று என்று தெரியவில்லை, படுக்கையில் அந்த ஈரத் துண்டு பட்டு முதுகு சில்லிட்டுக் கத்த வேண்டும் என்று இருக்கும்.

இதைவிடவும் ஒன்று உண்டு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வேலைக்குத் திரும்பிப் போகும் நாள் காலையில் அவர் எனக்கு முன்னால் எழுந்துவிடுவார். நான் சமையலறையில் இருக்கும்போதே படுக்கை விரிப்பை உருவி, தலையணை உறைகளைக் கழற்றி, துவைத்து மாடியில் உலர்த்திவிடுவார். வெயிலில் காய்ந்ததும் எடுத்துவந்து சுருக்கமில்லாமல் விரிப்பார். குளியலறைத் தட்டைக் காலி செய்து கண்ணாடியைத் துடைப்பார். சீப்பைக்கூடச் சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவிவிடுவார். குப்பைக் கூடையைக் காலி செய்து புதுப் பை மாட்டுவார். அவரை வழியனுப்பிவிட்டு வந்து அறைக் கதவைத் திறந்தால், அங்கே யாரும் இருந்ததே இல்லை. முதல் ஆண்டு தலையணையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். சோப்பு வாசனை. இவ்வளவு அவசரமா என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதம் எங்களோடு இருந்ததைத் துடைத்தெடுத்துப் பையில் கட்டிக்கொண்டு போக இவ்வளவு அவசரமா. அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அந்த அறையைத் துப்பறிகிறவளைப்போலத் தேடுவேன். ஒரு முறை கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் அவருடைய காலுறை ஒன்று அகப்பட்டது. அன்றே அவர் போய்ச் சேர்ந்து தொலைபேசியில் பேசும்போது, "ஒரு சாக்ஸ் விட்டுப்போச்சு போல, ஸாரி, தூக்கிப் போட்டுடு" என்றார். போட்டுவிட்டேன் என்றேன். போடவில்லை.

புதன்கிழமை துறைத்தலைவர் கூப்பிட்டார். சுற்றுலாத் துறையில் என்னென்ன வேலைவாய்ப்புகள் உண்டு என்று புது மாணவர்களுக்குப் பேச ஒரு டிராவல்ஸ் முதலாளி வருவதாக இருந்தது. அவர் வரமுடியாது என்று சொல்லிவிட்டாராம். "உங்க வீட்டுக்காரர் லீவுல வந்திருக்காராமே மேடம்? நாளைக்கு ஒரு மணி நேரம். சும்மா பெட் போடறதைக் காட்டினாக்கூடப் போதும், பசங்க சொர்க்கத்துக்கே போயிடுவாங்க" என்றார். வீட்டில் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு வெட்கமும் சந்தோஷமும் வந்தது. உங்க காலேஜ்லயா, நானா என்று கேட்டார். அன்று மாலையே சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டு, என்ன பேசுவது என்று பால்கனியில் நடந்துகொண்டிருந்தார். வியாழக்கிழமை என்பதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

எங்கள் துறையில் மாதிரி அறை ஒன்று உண்டு. முன்பு வேதியியல் ஆய்வகத்தின் சாமான் அறையாக இருந்தது. ஓட்டல் அறை எப்படியிருக்கும் என்று பிள்ளைகள் பழகுவதற்காகக் கட்டில், மெத்தை, எழுதும் மேசை, ஒயர் இல்லாத ஒரு தொலைபேசி எல்லாம் போட்டுவைத்திருக்கிறார்கள். அழகான நீலத் திரை தொங்கும். விலக்கினால் வெறும் சுவர். சாவி ஆய்வக உதவியாளரிடம் இருக்கும். ஓய்வு பெறும் வயதில் இருக்கிற அந்த அம்மா தன்னை மானேஜர் என்றுதான் சொல்லிக்கொள்வார். "நம்ம ஓட்டல்ல இன்னிக்கு வரைக்கும் ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்ததில்ல சார். ஒருத்தன் தங்கினாத்தானே வர்றதுக்கு" என்று என் கணவரிடம் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

முப்பது பேர் கட்டிலைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். நான் கதவோரம் நின்றேன். அவர் முதலில் கொஞ்சம் தடுமாறினார். பிள்ளைகளை வாங்க போங்க என்று கூப்பிட்டார். விரிப்பைக் கையில் எடுத்ததும் ஆள் மாறிவிட்டார். கால்மாட்டில் நின்று ஒரே வீச்சு. விரிப்பு காற்றில் எழும்பி, நடுமடிப்பு கட்டிலின் நடுவிலேயே வந்து படிந்தது. கடைசி பெஞ்சு நெட்டைப் பையன் தன்னையறியாமல் கைதட்டினான். மூலையை எப்படித் தூக்கி, எப்படி உள்ளே செருகி, மறுபடி இறக்கி மடிப்பது என்று இரண்டு பக்கமும் காட்டினார். தலையணை உறைக்குள் தலையணையைக் கையே படாமல் நழுவவிட்டார். அவர் வேலை செய்து நான் பார்த்ததேயில்லை என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை ஆண்டுகள் அவர் போன் பேசும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார், அறை அறையாக, இவ்வளவு அழகாக.

பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். இந்த வேலையிலிருந்து எதுவரை உயரலாம், மொழி தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள், கப்பலில் வேலை கிடைக்குமா. பொறுமையாகச் சொன்னார். நல்ல ரூம் என்றால் என்ன சார் என்று ஒருவன் கேட்டான்.

"முன்னாடி அங்க யாரும் இருந்ததே இல்லங்கற மாதிரி இருக்கணும்" என்றார் அவர். "அவ்வளவுதான் விஷயம். ஒரு முடி கிடந்தாப் போச்சு. கண்ணாடியில ஒரு விரல் ரேகை இருந்தாப் போச்சு. உள்ள வர்றவங்களுக்கு, இது நமக்காகவே கட்டினதுன்னு தோணணும்." சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தார். உற்சாகத்தில் இருந்தார். "வீட்டுலயும் நான் அப்படித்தான். கிளம்பற அன்னிக்கு உங்க மேடத்துக்கு ஒரு வேலை வைக்க மாட்டேன். அவங்களுக்குக் காலேஜ் இருக்கு, வீடு இருக்கு, எல்லாத்தையும் ஒத்த ஆளா பாக்கறாங்க. வருஷத்துல ஒரு நாளாவது ரூமைத் திறந்ததும் அவங்களுக்கு நிம்மதியா இருக்கணும்ல? சந்தேகம்னா கேட்டுப் பாருங்க."

முப்பது முகமும் திரும்பின. பெண்கள் பக்கமிருந்து ஒரு நீண்ட 'ஓ' எழுந்தது. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். என் கை கதவின் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தது. அது குளிர்ந்திருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. நிம்மதி. எட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு முறையும் அந்தக் கதவைத் திறந்து நான் நின்ற நிற்பை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்நேரம் அவர் வண்டியில் உட்கார்ந்து, இப்போது அவள் கதவைத் திறந்திருப்பாள், சந்தோஷப்பட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார். தனக்குத் தெரிந்ததிலேயே உயர்ந்த ஒன்றைத்தான் எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மூன்றாம் பெஞ்சுப் பெண், தங்கியவர்கள் எதையாவது விட்டுவிட்டுப் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். எடுத்துப் பத்திரமாக வைப்போம், கொஞ்ச காலம் பார்த்துவிட்டு யாரும் கேட்கவில்லையென்றால் கண்டெடுத்தவர்களுக்கே கொடுத்துவிடுவார்கள் என்றார். "எனக்குக் குடை மட்டும் ஏழு சேர்ந்துருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

வகுப்பு கலைந்தது. உதவியாளர் அம்மா டீ வாங்கிவரப் போனார். விரித்துப் பழகிய பிள்ளைகள் கசக்கிப் போட்டிருந்த விரிப்பு ஒன்று மேசைமேல் கிடந்தது. அதை மடிக்க அவர் எடுத்தார். நான் மறுமுனையைப் பிடித்தேன். இரண்டு பேரும் விலகிப்போய் இழுத்துப் பிடித்தோம். பாதியாக மடித்தோம். மறுபடி பாதி. பிறகு மடிப்பைச் சேர்க்க ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தோம். அவர் விரல்கள் என் விரல்களிலிருந்து விரிப்பின் முனைகளை வாங்கின.

"இந்தத் தடவை போறப்ப துவைக்காதீங்க" என்றேன்.

"எதை?"

"விரிப்பை. தலையணை உறையை. சீப்பை. எதையும் தொடாதீங்க. அப்படியே போட்டுட்டுப் போங்க."

"அழுக்கா இருக்குமேம்மா."

"இருக்கட்டும்."

அவருக்குப் புரியவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிய பக்கத்தில் அந்த நீலத் திரைதான் இருந்தது. "ரூமைத் திறந்தா நீங்க இருந்த மாதிரியே இருக்காது. தலையணையில சோப்பு வாசனை அடிக்கும். ஒரு மாசம் நான் என்னமோ கனவு கண்டுட்டு எந்திரிச்ச மாதிரி இருக்கும்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கோபமாக வந்தது.

அவர் கையிலிருந்த விரிப்பைப் பார்த்தார். மடிப்பைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார், ஏற்கெனவே சரியாக இருந்த மடிப்பை.

"எட்டு வருஷமா சொல்லலையே நீ."

"உங்களுக்கா தெரியும்னு நெனச்சேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? கெஸ்ட் கம்ப்ளெய்ன்ட் பண்ணினாத்தானே எங்களுக்குத் தெரியும்" என்றார். சிரிப்பாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது சிரிக்கவில்லை. விரிப்பை மேசையில் வைத்தார். பிறகு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "போறப்பன்னு சொன்னியே. நான் போறேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டார்.

அவர் கேட்ட பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. வந்த நாளிலிருந்து நான் அவரைப் போகிறவராகவே வைத்திருந்தேன். நல்ல கப்பில் டீ கொடுத்தேன். அலமாரியில் அவருக்கு ஒரே ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தேன். சர்க்கரை இருக்கும் இடத்தைச் சொல்லாமல் நானே எடுத்து நீட்டினேன். துடைத்தது அவர் மட்டும்தானா? உங்க இஷ்டம் என்று நான் சொன்னபோதெல்லாம் அவருக்கு எது கேட்டிருக்கும்? என் வீட்டில் நீங்கள் இல்லாமலே எல்லாம் நடக்கிறது என்பதுதான் கேட்டிருக்கும். லாட்ஜும் சம்பளமும் பிறகு. இருக்கட்டுமா என்று ஒரு மனிதர் வாசலில் நின்று மூன்றுமுறை கேட்டிருக்கிறார். நான் குழம்பு போடட்டுமா என்று கேட்டிருக்கிறேன்.

வழக்கமான அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினேன்.

"நீங்க போறது எனக்கு வேண்டாம்" என்றேன். "லாட்ஜ்ல என்ன வருதோ வரட்டும். நாளைக்கு என் மேல கோவம் வந்தாலும் வரட்டும். போக வேண்டாம்."

சொல்லி முடித்ததும் அறை சின்னதாகிவிட்டதுபோல இருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் சந்தோஷம் இருந்ததா, பயம் இருந்ததா, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இன்றைக்கா என்ற வருத்தம் இருந்ததா, எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. வாயைத் திறந்தார். அதற்குள் உதவியாளர் அம்மா இரண்டு டீயோடு வந்து நின்று, "என்ன சார், நம்ம ஓட்டல் பிடிச்சுப்போச்சா? ரூம் போட்டுறவா?" என்றார். மணியும் அடித்தது. எனக்கு அடுத்த வகுப்பு மூன்றாம் மாடியில்.

"நீ கிளாஸுக்குப் போ" என்றார் அவர். "நான் ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்."

"யாருக்கு?" என்று கேட்க நினைத்தேன். உதவியாளர் அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் டீயை நீட்டிக்கொண்டு நின்றார். அவர் தன் டீயை நின்றபடியே குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவ இடம் தேடிச் சுற்றும்முற்றும் பார்த்தார். அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மேசையில் ஈரமாக ஒரு வட்டம் விழுந்தது.

மூன்றாம் மாடியில் இரண்டாம் ஆண்டு மாணவர்கள். பயணிகள் ஏன் பயணம் போகிறார்கள் என்ற பாடம். தள்ளும் காரணங்கள், இழுக்கும் காரணங்கள் என்று எழுதினேன். முதல் தலைப்பின்கீழ் நாலைந்து எழுதிவிட்டு இரண்டாவதற்கு வரும்போது, வருகைப் பதிவைக் கேட்டு அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனேன்.

கீழே சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு முன்னால் அவர் நின்றிருந்தார். போன் காதில் இருந்தது. இங்கும் அங்குமாக நான்கு தப்படி நடப்பதும் திரும்புவதுமாக இருந்தார். தலையை ஆட்டினார். ஒருமுறை நெற்றியை அழுத்தித் தேய்த்தார். எதிர்முனையில் இருந்தது எட்டு ஆண்டுப் பழக்கமான முதலாளியா, பஸ் நிலையத்து நண்பரா என்று இங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. இரண்டில் யாரோடு பேசினாலும் அவர் இப்படித்தான், முதுகைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டு, மரியாதையாகத்தான் பேசுவார். பின்னால் யாரோ, "மேம், ரெண்டாவது?" என்று கேட்டார்கள். ஒரு நிமிஷம் என்றேன்.

பேசி முடித்தார். போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். போகவில்லை. கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தார். மூன்று மாடி, ஒவ்வொன்றிலும் வரிசையாக ஒரேமாதிரிப் பச்சை ஜன்னல்கள். நான் எந்த அறையில் பாடம் எடுப்பேன் என்று அவருக்குத் தெரியாது, நான் சொன்னதில்லை. வெயிலுக்குக் கையைப் புருவத்தின் மேல் குடைபோலப் பிடித்துக்கொண்டு, தரைத்தளத்தின் கோடியிலிருந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்க்கத் தொடங்கினார். ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொன்றிலும் நின்று, உள்ளே யார் என்று பார்த்து, அடுத்ததற்குப் போனார். தரைத்தளம் முடிந்தது. முதல் மாடியின் பாதிவரை வந்திருந்தார். நான் சாக்பீஸ் பிடித்த கையை ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே நீட்டினேன்.